பதம் பிசகாத மிட்டாய்: பருப்பு, பாகு, கேரமல், சாக்லேட்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வில்லை போட்ட கடலை மிட்டாய், பண்டிகையன்று கையில் பிசுபிசுக்கிறது. வெண்ணெய் சேர்த்துக் கிண்டிய கேரமல் ஒரே வாரத்தில் மணல் மணலாகிறது. அச்சிலிருந்து எடுக்கும்போது பளபளத்த சாக்லேட்டின் மேல் சாம்பல் பூக்கிறது. செய்தவர் அளவைக் குறை சொல்வார், இல்லாவிட்டால் வெல்லத்தை. பெரும்பாலும் பழி இரண்டின் மேலும் இல்லை. கடலை மிட்டாய்க்குள் ஈரம் புகுந்துவிட்டது. மற்ற இரண்டிலும் வேண்டாத படிகம் வளர்ந்துவிட்டது. எவ்வளவு ஈரத்தை மிச்சம் வைப்பது, எந்தப் படிகத்தை வளரவிடுவது என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால், அளவுகளை அவரவர் ருசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசியில் இந்தச் சிக்கல் கூடுதலாகும். தமிழ்நாட்டில் வீடுகள்தோறும் இனிப்பு செய்யும் அந்த மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. சர்க்கரையும் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. கடலோர ஊரில் மழை பெய்யும் மாலையில் கடலை மிட்டாயைத் தட்டில் ஆற விட்டு வேறு வேலைக்குப் போனால், திரும்பி வருவதற்குள் மேல்பரப்பு ஒட்டத் தொடங்கியிருக்கும். வெயிலடிக்கும் நண்பகலில் செய்து, சூடு தணிந்ததும் டப்பாவில் அடைப்பவருக்கு அதே வெல்லம் மொறுமொறுப்பாக நிற்கும்.

முதலில் பருப்பு

மிட்டாயில் பாதிக்கு மேல் பருப்புதான். ஆனாலும் பலரும் கவனம் முழுவதையும் பாகுக்கே கொடுக்கிறார்கள். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். பழைய கடலையில் அந்த எண்ணெய் காறிப்போயிருக்கும். எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்த வாடையை மறைக்க முடியாது. வாங்கும்போது நாலு பருப்பை மென்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை தெரிவது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுவதாக அழியாதது. ஒரு பிடி கெட்ட கடலையை மிச்சப்படுத்தி ஒரு தட்டு மிட்டாயை வீணாக்குவானேன்?

வறுப்பது நிதானமாக நடக்க வேண்டும். கனமான இருப்புச்சட்டியில் உப்போ மணலோ போட்டு வறுத்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும். அவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடலாம். தோல் கருகி உள்ளே பச்சையாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ஈரம் பிறகு பாகுக்குள் இறங்கும். ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து உட்புறம் இளம்பொன் நிறமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறியதும் கைகளால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கலாம். முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும், பாதாமுக்கு நேரம் அதிகம் ஆகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது.

பாகும் தெர்மாமீட்டரும்

சர்க்கரைப் பாகின் வெப்பநிலை, அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும். 112 முதல் 116 டிகிரியில் பாகில் சர்க்கரை சுமார் 85 சதவீதம். இந்தப் பாகை ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீரில் விட்டால் விரல்களுக்கு இடையே மெத்தென்று உருளும். அதிரசத்துக்குப் பார்க்கும் உருட்டுப் பதம் இதுதான். 121க்கு மேல் போனால் அதே உருண்டை கெட்டிப்படும். 132 முதல் 143 வரை வளைந்து பிறகு ஒடியும். 146 முதல் 154 வரை உள்ள பாகில் தண்ணீர் ஒரு சதவீத அளவுக்கு வந்துவிடும். சொட்டு தண்ணீரில் விழுந்ததும் இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். கடலை மிட்டாய்க்குப் பாட்டிமார் காது கொடுத்துக் கேட்ட சத்தம் அது. தெர்மாமீட்டர் சொல்வதும் அதையேதான்.

இருந்தாலும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. 200 டிகிரி வரை காட்டும், முனையைப் பாகில் நுழைத்துப் பார்க்கும் டிஜிட்டல் வகை போதும். வாங்கிய அன்றே கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதிக்க வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் அது 100ஐக் காட்டினால் கருவி சரியாக இருக்கிறது. ஊட்டியில் கணக்கு வேறு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே உள்ளவர்கள் மேலே சொன்ன பாகு அளவுகளில் எல்லாம் 7ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் எழுதிய குறிப்பை மலையில் அப்படியே பின்பற்றினால் மென்மையாக வர வேண்டிய கேரமல் கல்லாகும். சாக்லேட் உருகும் வெப்பத்துக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது கொதிநிலையைச் சார்ந்தது அல்ல.

பாகு காயும் வேகம் ஒரே மாதிரி இருக்காது. தண்ணீர் நிறைய இருக்கும்வரை 100ஐச் சுற்றியே வெகுநேரம் நிற்கும். கடைசிக் கட்டத்தில் தண்ணீர் குறையக் குறைய மடமடவென்று ஏறும். 140ஐத் தாண்டிய பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது. பருப்பு, நெய் தடவிய தட்டு, கத்தி, பூரிக்கட்டை எல்லாம் அதற்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீர் தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். 150 டிகிரிப் பாகு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். குழந்தைகள் அடுப்பருகில் வரக் கூடாது. ருசி பார்க்க விரலை நீட்டவும் கூடாது. பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, மை எதுவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலோ கொப்புளம் எழுந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கோவில்பட்டி கற்றுத்தரும் கடலை மிட்டாய்

தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றிலும் உள்ள கரிசல் நிலத்தில் விளையும் கடலை, நல்ல வெல்லம், விறகடுப்பு என்று அதன் பெருமைக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். 1940களில் தொடக்கத்தில் அது கருப்பட்டிப் பாகில் செய்யப்பட்டது. வெல்லம் பிறகு வந்தது. வீட்டில் செய்பவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், பாகைவிடப் பருப்பு மேலோங்க வேண்டும் என்பது. பருப்புகளைப் பிடித்துவைக்கும் அளவுக்குப் பாகு இருந்தால் போதும்.

கால் கிலோ வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலைக்கு 200 கிராம் பாகு வெல்லம், நாலு மேசைக்கரண்டி தண்ணீர். வெல்லம் கரைந்ததும் வடிகட்டிவிட வேண்டும். தூசியும் மணலும் பல்லில் கடிபடும். அடி கனமான பாத்திரத்தில் மிதமான தீயில் கொதிக்கவிட்டால் முதலில் பெரிய குமிழிகள் எழும், பிறகு நுரைத்துப் பொங்கும், கடைசியில் குமிழிகள் சிறுத்து நெருங்கிப் பாகின் நிறம் கருக்கும். வெல்லத்தில் சர்க்கரையோடு வேறு பொருள்களும் இருப்பதால் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும். ஆகவே 154 வரை காத்திருக்காமல் 145ஐ ஒட்டி, ‘டங்’ சத்தம் கேட்டவுடனேயே தீயை அணைத்துவிட வேண்டும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்துக் கடலையைக் கொட்டிக் கிளற வேண்டும்.

கடலை கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போன கடலையைக் கொட்டினால் பாகு அதன் மேல் படருவதற்கு முன்பே இறுகிவிடும், கட்டி கட்டியாக நிற்கும். கலவையை நெய் தடவிய பலகையில் கொட்டி, மேலே பட்டர் பேப்பர் போட்டுப் பூரிக்கட்டையால் ஒரே கனத்துக்குத் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு கிழித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் தாமதித்தால் கோடு விழாது, வில்லை உடையும். உருண்டையாகப் பிடிப்பவர்கள் கையில் அரிசி மாவு தொட்டுக்கொள்வது சூட்டிலிருந்தும் ஒட்டலிலிருந்தும் காக்கும்.

வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போடுவதாக இருந்தால், 200 கிராம் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸும் சேர்த்து 150 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். இறக்கியதும் ஒரு கரண்டி வெண்ணெய், அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா. சோடா பட்டதும் பாகு நுரைத்து எழும்பி உள்ளே காற்றறைகள் உண்டாகும். அந்தக் காற்றறைகளால் மிட்டாய் பல்லுக்குக் கடினமாக இல்லாமல் நொறுங்கும். நுரை அடங்குவதற்குள் பருப்பைக் கலந்து ஊற்றிவிட வேண்டும்.

கேரமல்: படிகத்தைத் தடுக்கும் வித்தை

பனங்கற்கண்டு செய்கிறவர்கள் பாகுக்குள் நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைக்கிறார்கள். நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் பொறுமையாகப் பெரிதாகின்றன. கேரமல் செய்பவர் தவிர்க்க வேண்டியது இதே நிகழ்ச்சியைத்தான். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி உலர்ந்த நாலு சர்க்கரைப் பரல் பாகுக்குள் விழுந்தால் போதும். அவற்றைப் பற்றிக்கொண்டு பாகு முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறி, கொதி வந்த பிறகு கரண்டியை எடுத்துவிடுவது முதலாவது. பாத்திரத்தின் உள்சுவரைத் தண்ணீரில் நனைத்த தூரிகையால் துடைத்துவிடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது: சில சொட்டு எலுமிச்சைச் சாறோ இரண்டு கரண்டி லிக்விட் குளுக்கோஸோ சேர்ப்பது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். வேறு வேறு வடிவச் சர்க்கரைகள் கலந்திருக்கும்போது படிகம் அடுக்காக வளர முடியாது. வெல்லப் பாகு எளிதில் பூக்காததற்கும் இதுவே காரணம். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதில் இயல்பாகவே உண்டு. மழைக்காலத்தில் அது அதிகமாகப் பிசுபிசுப்பதற்கும் அவையே காரணம்.

மெல்லும் கேரமலுக்கு 200 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ், நாலு மேசைக்கரண்டி தண்ணீர், 200 மில்லி கிரீம், 60 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. கிரீமையும் வெண்ணெயையும் தனியே சூடாக்கி வைக்க வேண்டும். கொதிக்கும்போது பாகு மூன்று நான்கு மடங்கு உயர்ந்து பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருப்பது அவசியம். சர்க்கரை 170 டிகிரியை நெருங்கித் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்புக்கு மாறும் கட்டத்தில் தீயைக் குறைத்து, சூடான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த கிரீமைக் கொட்டினால் பாகு சீறித் தெறிக்கும், கீழே கட்டியாகவும் போகும். பிறகு மீண்டும் மிதமான தீயில் அடிபிடிக்காமல் கிளறி, 118 முதல் 120 டிகிரிக்குக் கொண்டுவந்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றினால் முடிந்தது. ஒருமுறை 170 வரை போன பாகு மறுபடி ஏன் 118க்கு வர வேண்டும் என்று கேட்கலாம். முதல் சூடு நிறத்துக்கும் மணத்துக்கும். இரண்டாவது, கிரீமோடு வந்த தண்ணீரில் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு. சித்திரை வெயிலில் சமவெளியில் செய்பவர் இன்னும் இரண்டு டிகிரி கூட்டி 121, 122 வரை போகலாம்; இல்லாவிட்டால் வெட்டிய வில்லை தட்டையாகப் படுத்துவிடும்.

கிரீம் வாங்குவதில் கவனம் வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். தண்ணீர் அதிகம் என்பதால் கிண்டும் நேரம் கூடும், ஆனால் நன்றாகவே வரும். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீம் இதற்கு ஆகாது. அதில் பால் புரதம் மிகக் குறைவு. கேரமலின் ஆழ்ந்த மணம் சர்க்கரை கருகுவதால் மட்டும் வருவதில்லை. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதாலும் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பொன் நிறத்தைக் கொடுப்பதும் அந்த வினைதான். அமெரிக்காவின் மில்டன் ஹெர்ஷி இளம் வயதில் டென்வர் நகரில் ஒரு மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தபோது, புதிய பால் சேர்த்த கேரமலின் அருமையைத் தெரிந்துகொண்டார். 1886இல் லங்காஸ்டர் கேரமல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1900இல் அதைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுச் சாக்லேட்டில் இறங்கினார். சாக்லேட்டில் அவர் பெயர் நிலைத்தது. அதற்கு முதல் போட்டது கேரமல்.

உப்பு சேர்ப்பது விந்தை அல்ல. பிரான்சின் பிரித்தானி பகுதியில் வெண்ணெயில் உப்பிடுவது பழைய வழக்கம். நாட்டின் பிற பகுதிகளை வாட்டிய உப்பு வரி அங்கே இல்லாததால் உப்பு மலிவாகக் கிடைத்தது. அந்த வெண்ணெயைக் கொண்டு கிபெரோன் ஊரில் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க் கலைஞர் 1977இல் செய்த உப்பு வெண்ணெய் கேரமல்தான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. உப்பு, கசப்பின் கூர்மையைத் தணித்து இனிப்பை எடுத்துக்காட்டும்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் போட்டும் கேரமல் செய்யலாம். வெல்லத்தின் புளிப்புத்தன்மை சூடான பாலைத் திரித்துவிடக்கூடும்; பாயசம் வைப்பவர்களுக்கு இது தெரிந்ததே. பதநீர் இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் கருப்பட்டியில் அந்தப் புளிப்பு குறைவு. 200 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலோடு 118 டிகிரி வரை கிண்டினால், லேசான புகை வாசத்தோடு கரிய வில்லைகள் கிடைக்கும். வெளிநாட்டுக் கேரமலுக்கு இது எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

சாக்லேட்: ஆறில் ஒன்று

கேரமலில் படிகமே கூடாது. சாக்லேட்டில் படிகம் இருந்தாக வேண்டும், அதுவும் சரியான படிகம். கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் சாக்லேட்டுக்கு வேண்டியது. அது ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். அறையில் உறுதியாக நின்று, ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிந்து, வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். முதல் நான்கு வகைகள் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். அவை கலந்த சாக்லேட் மங்கலாக, விரல் பட்டாலே ஒட்டுவதாக இருக்கும், நாளடைவில் மேலே வெளுப்பு படரும்.

உருக்கிய சாக்லேட்டை ஐந்தாவது வகைக்குக் கொண்டுவரும் வேலைதான் டெம்பரிங். வீட்டுக்கு எளிய முறை இது. 300 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். மீதியைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடாதபடி, 45 முதல் 48 டிகிரி வரை உருக்க வேண்டும். கிண்ணத்தை இறக்கி, அடியைத் துணியால் துடைத்து, எடுத்துவைத்த துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளற வேண்டும். கடையில் வாங்கிய நல்ல சாக்லேட்டில் ஐந்தாவது வகைப் படிகங்கள் ஏற்கெனவே உள்ளன. அவை விதையாக நின்று மற்றதையும் தம் வழிக்குக் கொண்டுவரும். சூடு 31, 32க்கு இறங்கியதும் தயார். பால் சாக்லேட்டுக்கு 29, 30. வெள்ளைச் சாக்லேட்டுக்கு அதைவிட ஒரு டிகிரி குறைவு. கத்தி முனையைத் தோய்த்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக உறைய வேண்டும். உறையாவிட்டால் இன்னும் சில துண்டுகள் போட்டுக் கிளறலாம். தவறி 34ஐத் தாண்டிவிட்டால் விதைகள் கரைந்துபோயிருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும், பொருள் வீணாகாது.

இந்த வேலைக்கு அறை 20 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தெருவுக்குத் தெரு வீட்டுச் சாக்லேட் பலகைகள் தொங்குவதற்கு மலைக்குளிர் பெரிய துணை. ஏசி அறை இல்லாத சமவெளி வீட்டில் மே மாதம் கோகோ வெண்ணெய்ச் சாக்லேட்டோடு மல்லாட வேண்டாம். மார்கழி, தை மாத அதிகாலை ஏற்ற நேரம். இல்லாவிட்டால் காம்பவுண்ட் வாங்கலாம். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் தேவையில்லை; உருக்கி அச்சில் ஊற்றினாலே உறையும். குழந்தைகளோடு செய்து பழக ஏற்றது. ஆனால் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் தங்கும், கோகோவின் மணமும் குறைவு. பொட்டலத்தின் பின்புறத்தில் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா, தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா என்று படித்து வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலக்கவே கூடாது. இரண்டு கொழுப்பும் ஒன்றையொன்று உறையவிடாது.

ஈரக் கரண்டி, ஆவியில் திரண்ட ஒரு சொட்டு, சரியாகத் துடைக்காத அச்சு: இவற்றில் ஏதாவது ஒன்று போதும், உருகிய சாக்லேட் திடீரென்று மண்போல் இறுகிவிடும். சாக்லேட்டுக்குள் சர்க்கரைத் துகள்கள் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. சிறிது தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் சாக்லேட்டை அச்சில் ஊற்ற இனி வழியில்லை. ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். சூடான பாலையோ கிரீமையோ தாராளமாக ஊற்றிக் கிளறினால் அருமையான சாஸாக இளகிவிடும்.

கோகோ விதையிலிருந்தே தொடங்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக விளைகிறது. புளிக்கவைத்துக் காயவைத்த விதையை வறுத்து, ஓட்டைப் புடைத்து நீக்கி அரைக்க வேண்டும். அரைப்பதற்கு உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவது, தோசை மாவு அரைக்கும் நம்முடைய டேபிள் டாப் கிரைண்டரின் மாற்று வடிவத்தைத்தான். அமெரிக்காவில் வீட்டுச் சாக்லேட் இயக்கம் வளர்ந்ததற்கு அந்தக் கருங்கல் உருளைகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. 30 மைக்ரானுக்கு மேல் பெரிய துகளை நாக்கு மணலாக உணரும் என்பதால் ஒரு முழு நாளோ அதற்கு மேலோ கல் ஓட வேண்டும். வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சாக்லேட்டுக்கென்று விற்கும் இயந்திரம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மூன்றையும் சேர்க்கும்போது

மிக எளியது பாதாம் ராக்ஸ். டெம்பரிங் செய்த 300 கிராம் சாக்லேட்டில் 200 கிராம் வறுத்து முழுவதும் ஆறிய பாதாமைப் புரட்டி, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக வைத்துவிடலாம். பாதாமில் சூடு இருந்தால் டெம்பரிங் கலைந்துவிடும். கடலை மிட்டாய்க்குச் சூடான கடலை, சாக்லேட்டுக்கு ஆறிய பருப்பு.

கடலை மிட்டாய் வில்லையைச் சாக்லேட்டில் தோய்ப்பதை இந்த அத்தியாயம் மனமாரப் பரிந்துரைக்கிறது. ருசி ஒருபுறம் இருக்க, கொழுப்புப் படலம் ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதால் மழைக்காலத்திலும் மொறுமொறுப்பு பல நாள் நிற்கும். எல்லாப் பக்கமும் படலம் மூடியிருக்க வேண்டும். ஓர் ஓரம் திறந்திருந்தாலும் ஈரம் அந்த வழியே போய்விடும். கேரமலைத் தோய்ப்பதானால் அது அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துத் தோய்த்தால் உறைந்த சாக்லேட் வெடிக்கும்.

பிரான்சில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் பிரலீனும் வீட்டு மிக்ஸிக்குள் அடங்கும். சம எடைச் சர்க்கரையைக் கேரமலாக்கி வறுத்த பாதாமைப் போட்டு, தட்டில் ஆறவிட்டு உடைத்து, சிறு சிறு இடைவெளி விட்டு அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு பருப்பின் எண்ணெய் பிரிந்து விழுதாகும். இரண்டு கரண்டி விழுதை உருகிய சாக்லேட்டில் கலந்து அச்சில் ஊற்றலாம்.

செய்ததைக் கெடாமல் வைப்பதும் செய்முறையில் ஒரு பகுதி. கடலை மிட்டாயைக் காற்றுப்புகாத டப்பாவில் அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் விரித்து வைக்கலாம். கேரமல் வில்லை ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்ற வேண்டும். சாக்லேட்டைச் சமவெளியில் ஃபிரிட்ஜில்தான் வைக்க முடியும். நன்றாக மூடி வைத்து, வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காமல் இருக்க வேண்டும். உடனே திறந்தால் மேலே நீர் கோத்துச் சர்க்கரை கரைந்து சொரசொரப்பான வெள்ளைப் படலமாகக் காயும். விரலால் தேய்த்தால் மறையும் வெளுப்பு கொழுப்பினால் வந்தது, மறையாதது சர்க்கரையினால் வந்தது. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. முதலாவதை மறுபடி உருக்கி டெம்பரிங் செய்துகொள்ளலாம்.

யாருக்குக் கொடுத்தாலும் உள்ளே என்ன பருப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். விற்பனைக்கு என்றால் வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் சேர்மானங்களும் செய்த தேதியும் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பாத்திரங்கள். பாகு இறுகிய பாத்திரத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பி, கரண்டியையும் அதிலேயே போட்டு அடுப்பில் ஒரு கொதி விட்டால் எல்லாம் கரைந்துவிடும். சாக்லேட் கிண்ணத்துக்கு அப்படிச் செய்து தொட்டியில் ஊற்றக் கூடாது. கோகோ வெண்ணெய் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். இளஞ்சூடாக இருக்கும்போதே காகிதத்தால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அடுத்த தடவைக்குச் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி வைக்க வேண்டும்.